ஓம் எண்டு எழுதின விண்ணப்பம்

கல்யாணப் பத்திரிகை என் கைபேசிக்குத்தான் முதலில் வந்தது. நான் மயிலிட்டித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். காலைப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றி முடிந்து, சிட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மஞ்சள் நிறத்தில், மூலையில் பிள்ளையார் படத்தோடு, தமிழ்நாட்டுப் பத்திரிகை. மணமகளை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. படத்தைப் பெரிதாக்கிக் கீழே போனேன். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்கு அடியில், மாமன்மார் சித்தப்பன்மார் எல்லாருக்கும் முன்னால், முதல் பெயராக என் அப்பாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘பெரியப்பா, மயிலிட்டி, இலங்கை’ என்று போட்டிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. மணமகளின் தகப்பனார் திருச்சிக்குப் பக்கத்தில் கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரி. என் அப்பா மயிலிட்டிக் கடற்றொழிலாளி. போர்க்காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து எழும்பியபோது அப்பாவும் அம்மாவும் ஒரு மீன்பிடிப் படகில் இந்தியக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. அவர்களைத் திருச்சிப் பக்கத்து அகதி முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கடல் இல்லை. வேலைக்கு ஆள் தேடி முகாம் வாசலுக்கு வந்த மேஸ்திரியிடம் அப்பா, “வள்ளத்துக்குப் பெயின்ற் அடிச்சிருக்கிறன். சுவரும் அடிப்பன்” என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். அப்படித் தொடங்கிய வேலை இருபது வருடங்களைத் தாண்டி நடந்தது. நான் அந்த முகாமில்தான் பிறந்தேன், அங்கேயே பள்ளிக்கூடம் போனேன், கல்லூரியும் முடித்தேன். இராணுவம் எங்கள் ஊரை விட்டுக்கொடுத்த பிறகு மூன்று பேரும் நாடு திரும்பப் பதிந்து, முறைப்படி விமானத்தில் திரும்பி வந்தோம். அப்பா மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினார்.

பத்திரிகையைக் காட்டக் கைபேசியோடு இறங்குதுறைக்கு நடந்தேன். அப்பா வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு, “உதை ஒருக்கா வாசி பாப்பம்” என்றார். அவர் உரத்து வாசித்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் வாசித்தார்.

அன்று பின்னேரம் மேஸ்திரியே அழைத்தார்.

“அண்ணே, உங்களக் கேக்காம பேரப் போட்டுட்டேன். நீங்க வரலன்னா ஊர்ல என்னயத்தான் கேப்பாங்க.”

“வாறன் தம்பி,” என்றார் அப்பா. “இந்த முறை விசா எடுத்து வாறன்.”

அம்மா அடுப்படியிலிருந்து, “நான் வரேல்லை. கடலிலை ஒருக்காப் போனது காணும்” என்றா. விமானத்தில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆடுகளை யார் பார்ப்பது என்று கேட்டா. நானும் அப்பாவும் போவதென்று முடிவாயிற்று. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் சைக்கிள் தூரம்.

கடவுச்சீட்டு எடுக்க நானும் அப்பாவும் வவுனியாவுக்குப் போனோம். அப்பாவுக்கு அந்த வயதில் அதுதான் முதல் கடவுச்சீட்டு. என்னுடையதற்கு இரண்டு சான்றிதழ்கள் காட்ட வேண்டியிருந்தது. ஒன்று இந்தியாவில் பிறந்ததற்கு, மற்றது இலங்கைப் பிரசையாகப் பதிந்ததற்கு. கையில் கிடைத்த நாளில் அப்பா பஸ்ஸில் வழிநெடுக அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வெறும் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “எவ்வளவு இடம் விட்டிருக்கிறாங்கள்” என்றார்.

விசாவுக்குச் சதுரப் படம் வேண்டும், பின்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும். தெல்லிப்பழையில் உள்ள ஸ்ரூடியோவில் அப்பா சிரித்தபடி இருந்தார். படம் பிடிக்கிறவர், “ஐயா, சிரிக்கப்படாது, விசாப் படம்” என்றார். அப்பா வாயை மூடினார். கண் சிரித்தது. மூன்று தரம் எடுத்தும் கண் அப்படியேதான் இருந்தது. கடைசியில் அந்தப் படத்தையே தந்தார்கள்.

படிவத்தை இணையத்தில் நிரப்பி அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிக்கேசன் கடை. விசா வேலைகள் எல்லாம் செய்கிற இடம். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்புகிறவர். விசைப்பலகையை என்னிடம் விடச் சொன்னேன். ஆங்கிலத்தில் நானே நிரப்புவேன், சந்தேகம் வந்தால் கேட்கிறேன் என்றேன். அவருக்கும் அது வசதியாக இருந்தது. அப்பாவைக் கதிரையில் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், மதம். “கண்ணுக்குத் தெரியிற அடையாளம் ஏதும்?” என்று கேட்டேன். அப்பா சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார். கட்டடச் சாரம் சரிந்து விழுந்த தழும்பு. ஒரு வங்கிக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் பூசும்போது நடந்தது. “எந்த ஊர்க் காயமெண்டும் கேக்கினமோ?” என்றார். இல்லை என்றேன். தொழில் என்ற இடத்தில் ‘மீனவர்’ என்று போட்டேன். முந்தைய தொழில் என்றும் ஒரு கேள்வி இருந்தது. “பெயின்ரர்” என்று அப்பா தானாகச் சொன்னார்.

அடுத்த பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது.

“இதுக்கு முந்தி இந்தியாவுக்குப் போயிருக்கிறியளோ எண்டு கேக்கிது.”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. போயிருக்கிறீர்களா என்று அவரிடமும், அங்கேயே பிறந்த என்னிடமும் கேட்கிறது. ஆம் அல்லது இல்லை, இரண்டு வட்டங்கள்தான்.

கடைக்காரர் அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அகதியாப் போன ஆக்களோ?”

“ஓம்.”

“அப்ப உதுக்கு ‘நோ’ எண்டு போடுங்கோ தங்கச்சி. புதுப் பாஸ்போட், ஒரு சீலும் இல்லை. ‘யெஸ்’ எண்டு போட்டியளெண்டா முந்தின விசா நம்பர் கேக்கும். எங்கை எடுத்தது, எப்ப எடுத்தது எண்டு கேக்கும். என்னத்தைப் போடுவியள்? பிறகு அது இழுபடும். கல்யாணம் முடிஞ்சுதான் விசா வரும்.”

அவர் எங்களைக் கெடுக்கச் சொல்லவில்லை. அலைச்சல் இல்லாமல் போய்வரட்டும் என்றுதான் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆவணியில் கல்யாணம். நாட்கள் அதிகம் இல்லை. நான் சுட்டியை அசைக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஓம் எண்டு போடு பிள்ளை,” என்றார் அப்பா.

“அண்ணை, நம்பர் கேக்கும்,” என்றார் கடைக்காரர்.

“விசா இல்லாமப் போனனாங்கள் எண்டு எழுதட்டும்.”

“அப்பிடி எழுத அதிலை இடமில்லை அண்ணை.”

“இடமில்லாட்டி வேறை தாளிலை எழுதிக் குடுப்பம்.”

கடைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு எழும்பி வந்தார். “அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கடை நல்லதுக்குத்தான் சொல்லுறன். ஆரும் தோண்டிப் பாக்கப்போறேல்லை.”

அப்பா கடைக்காரரிடம் இல்லாமல் என்னிடம் சொன்னார்.

“நான் அங்கை இருந்து சாப்பிட்டனான். உன்னை அங்கை பெத்தனாங்கள். நீ அங்கை படிச்சனி. போகவே இல்லையெண்டு எழுதினா, அந்தச் சனம் எங்களை வைச்சிருந்ததும் நடக்காததாப் போயிடும். அவன் என்ரை பேரைப் பத்திரிகையிலை அடிச்சு ஊரெல்லாம் குடுக்கிறான். நான் அவனை முந்திப் பாத்ததே இல்லையெண்டு எழுதிக்கொண்டோ அவன்ரை வீட்டை போறது? விசா வந்தா வரட்டும், வராட்டி விடட்டும்.”

நான் ‘ஆம்’ என்ற வட்டத்தைத் தட்டினேன். கடைக்காரர் சொன்னபடியே விசா இலக்கம் கேட்டது. ‘பொருந்தாது, இணைப்புக் கடிதத்தைப் பார்க்கவும்’ என்று போட்டேன். தங்கியிருந்த முகவரி என்ற இடத்தில் முகாமின் பெயரையும் எங்கள் வீட்டு இலக்கத்தையும் போட்டேன். என் படிவத்திலும் அதையே செய்தேன். அச்செடுத்துத் தந்தபோது கடைக்காரர் போட்டோக் கொப்பிகளை ஒரு பைலில் போட்டு ஒழுங்காக அடுக்கினார். “நாளைக்குக் கடிதத்தைக் கொண்டு வாங்கோ தங்கச்சி, நான் ரைப் பண்ணித் தாறன்” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா அறைக்குள் போய் ஒரு ரெக்சின் பையோடு வந்தா. அதற்குள் பொலித்தீன் உறைகள். முகாம் குடும்ப அட்டை, அதில் எங்கள் மூன்று பேரின் படம், நான் இரண்டு பக்கமும் சடை மடித்துக் கட்டியபடி. எனது பிறப்புச் சான்றிதழ். என் பள்ளிக்கூட இடமாற்றச் சான்றிதழ். திரும்பி வரும்போது தந்த வெளியேறும் அனுமதி. ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற தற்காலிகப் பயணப் பத்திரம். விமானச் சீட்டின் கிழிந்த பாதிகூட இருந்தது.

“எதெது வேணுமெண்டு பாத்து எடு,” என்றா அம்மா. “ஓடினதிலை வீடு போச்சு, வள்ளம் போச்சு, என்ரை தாலிக்கொடியும் போச்சு. அங்கை போன பிறகு என்ரை கையிலை தந்த தாள் ஒண்டும் துலையேல்லை.”

அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவ. அந்தப் பைக்குள் எல்லாம் ஆண்டு வரிசைப்படி இருந்தன. நான் ஐஸ் ஆலையில் வைத்திருக்கிற கோப்புகள்கூட அவ்வளவு சுத்தமாக இல்லை. அதைச் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோசம், ஆனால் காட்டவில்லை. “தேத்தண்ணி ஆறுது, குடி” என்றா.

கடிதத்தை அப்பா சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் ஆக்கினேன். ‘போர் காரணமாக எங்கள் உயிரைக் காப்பாற்ற அனுமதியின்றி உங்கள் நாட்டுக்கு வந்தோம். உங்கள் அரசாங்கம் எங்களை முகாமில் பதிந்து இடம் தந்தது’ என்பது வரை நேராகப் போயிற்று. அதற்குப் பிறகு அப்பா தான் பூசிய கட்டடங்களைச் சொல்லத் தொடங்கினார். அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்று, பெண்கள் விடுதி, ஒரு ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வார்டு.

“அப்பா, உதெல்லாம் அவைக்கு என்னத்துக்கு?”

“எழுது பிள்ளை. சும்மா இருந்து சாப்பிட்டிட்டு வந்தனான் எண்டு நினைக்கக்கூடாது.”

எழுதினேன். முடிவில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அப்பா சொன்னார்: “இந்த முறை கேட்டு வர விரும்பிறம் எண்டு எழுது.” ஆங்கிலத்தில் அந்த வரியைச் சரியாகக் கொண்டுவர எனக்கு நீண்ட நேரம் பிடித்தது. கடைசியில் மிகச் சின்ன வசனமாக, அப்படியே எழுதினேன்.

விண்ணப்பங்களை விசா நிலையத்தில் கொடுத்து, கைரேகையும் பதிந்தோம். விண்ணப்பங்களை வாங்கிய பிள்ளை கடிதத்தைப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். சீல் குத்திப் பற்றுச்சீட்டுத் தந்தாள். பிறகு காத்திருப்பு. எங்களுக்குப் பின்னால் கொடுத்த அயல்வீட்டுக்காரருக்கு விசா வந்துவிட்டது. அவர் தலயாத்திரை போகிறவர். எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. மேஸ்திரி இரண்டு நாளைக்கு ஒருக்கால் அழைத்து, “அண்ணே, வந்துருச்சா?” என்று கேட்டார். அப்பா, “வரும்” என்றார். நான் வேலையில் இருந்தபடியே பற்றுச்சீட்டு இலக்கத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று தட்டியிருந்தால் இப்போது கப்பல் ரிக்கெற் எடுத்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. அப்பாவிடம் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது இந்தியத் துணைத்தூதரகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு பேரையும் நேரில் வரச் சொன்னார்கள், மூலப் பத்திரங்களோடு.

அப்பா வெள்ளை வேட்டியும், நத்தார்ப் பண்டிகைக்குத் தைத்த சட்டையும் போட்டுக்கொண்டார். அம்மா ரெக்சின் பையை என் கையில் தராமல் அப்பாவின் கையில் தந்தா. உள்ளே எங்களை இருத்திய அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. ஆனால் தட்டித்தடவிப் பேசினார். கடிதம் அவர் முன்னால் இருந்தது. சில வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. எந்த வரிகள் என்று என்னால் பார்க்க முடியவில்லை.

முகாம் அட்டையை வாங்கி, படத்தையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். என்னைக் காட்டி, “இது நீங்களா?” என்றார். ஓம் என்றேன். வெளியேறும் அனுமதியை எடுத்து நெடுநேரம் வாசித்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

“நீங்க ஏன் இதெல்லாம் எழுதினீங்க? நிறையப் பேர் எழுதுறதில்ல.”

“கேட்டிருந்தது ஐயா. அதுதான் எழுதினனான்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டுமோ என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். விசா அலுவலகங்களில் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

“இந்தத் தடவ திரும்பி வருவீங்களா?”

அப்பா முதலில் கடதாசிகளைக் காட்டினார். படகுப் பதிவு, காணி உறுதி, வங்கிப் புத்தகம். பிறகு, பைலை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“ஐயா, நான் உங்கை இருந்த காலம் முழுக்க என்னட்டை எல்லாரும் கேட்டது, ‘எப்ப உன்ரை ஊருக்குத் திரும்பிப் போகப்போறாய்’ எண்டுதான். எனக்கு அப்ப மறுமொழி இல்லை. ஊரிலை கால் வைக்கேலாது. இப்ப என்ரை ஊர் இருக்கு, வள்ளம் இருக்கு, மனிசி இருக்கிறா. நான் அங்கை இருக்கக் கேக்கேல்லை. போயிட்டு வாறதுக்குத்தான் கேக்கிறன்.”

முறைப்பாடாகவும் சொல்லவில்லை, மன்றாட்டமாகவும் சொல்லவில்லை. சந்தையில் மீனுக்கு விலை சொல்கிற குரலில் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். சின்ன வயதில் முகாமில் அதிகாரிகள் கணக்கெடுக்க வரும்போது அப்பா வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அங்கே அவர் கைகட்டி நிற்பார், கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்வார். இந்த மனிதர் கதிரையில் நிமிர்ந்து இருந்து, அதிகாரியின் கண்ணைப் பார்த்துக் கதைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை மறைக்கப் பைக்குள் பத்திரங்களை அடுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அதிகாரி பத்திரிகையைக் கேட்டார். கைபேசியில் காட்டினேன். அப்பா தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார், படம் நகர்ந்து போயிற்று, மறுபடி இழுத்துக் காட்டினார். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். “பொண்ணுக்குப் பெரியப்பாவா?” என்றார்.

“ஓம் ஐயா.”

இரண்டு நாளில் கடவுச்சீட்டுகளை வந்து எடுக்கச் சொல்லிச் செய்தி வந்தது. வெறுமையாக இருந்த பக்கங்களில் ஒன்றில் விசா ஒட்டியிருந்தது, சிரிக்கிற கண்ணோடு அப்பாவின் படம் போட்டு. நாங்கள் நேராகக் கொமினிக்கேசன் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி” என்று கைகொடுத்தார். அன்றைக்கு எடுத்த கொப்பிகளுக்கு எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

காங்கேசன்துறையில் கப்பல் ஏறுகிற மண்டபத்தில் எங்கள் சாமான்களைத் தராசில் நிறுத்தார்கள். அம்மா வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள் அதில் பாதி நிறை. மேஸ்திரியின் மனைவிக்கு எங்கள் தூள் என்றால் உயிர். குடிவரவு அதிகாரி வெளியேறும் முத்திரையைக் குத்தினார். முதல் சீல். கப்பலுக்குள் எல்லாம் கண்ணாடி, குளிரூட்டி, விமானம் மாதிரி இருக்கைகள். ஒரு மணித்தியாலம் போகவில்லை, அப்பாவுக்கு வயிற்றைப் பிரட்டத் தொடங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த மனிதர். “காத்துப் படாமக் கடலிலை போறது எனக்குப் பழக்கமில்லை பிள்ளை” என்றார். பணியாளர் ஒருவர் தேசிக்காய்ப் புளிப்பு மணக்கிற இனிப்புத் தந்தார். அப்பா அதைச் சூப்பிக்கொண்டு, மீன்காரர் யாரும் பார்த்துவிடவில்லையே என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார்.

நாகப்பட்டினத்தில் குடிவரவுப் பகுதியில் இருந்தவர் இளைஞர். தமிழர். அப்பாவின் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“மொத தடவையாங்க ஐயா?”

“இல்லை தம்பி. முந்தி ஒருக்கா வந்தனான்.”

“சீல் ஒண்ணும் இல்லையே?”

“அப்ப வந்த கரையிலை சீல் குத்த ஒருத்தரும் இல்லை,” என்றார் அப்பா. “சோறுதான் தந்தவை.”

இளைஞர் எழும்பி நின்று, முத்திரையைக் குத்தி, இரண்டு கையாலும் கடவுச்சீட்டை நீட்டினார். “வாங்க ஐயா” என்றார்.

வெளியே மேஸ்திரி வாடகைக் கார் பிடித்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கு அது வராது. பெட்டியை யார் தூக்குவதென்று ஆளுக்கு ஆள் இழுத்துப் பறித்தார்கள். திருச்சி போய்ச் சேரும்வரை எந்தச் சுவரைக் கண்டாலும் பூச்சு எப்படி என்று இருவரும் குறை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் மேஸ்திரி எதிர்ப்பட்ட எல்லாரிடமும் ஒரே வசனத்தைச் சொன்னார்: “எங்க அண்ணன். விசா எடுத்து வந்திருக்காரு.” தாலிகட்டும்போது அப்பாவை மேடையில் தன் பக்கத்தில் நிறுத்தினார். வெள்ளை வேட்டியில், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா பெரியப்பாவாகவே நின்றார். நான் கீழே நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா உடனே குரல் பதிவு அனுப்பினா: “வேட்டிக் கரை மாறிக் கிடக்குது, சொல்லு.”

அடுத்த நாள் அப்பா முகாமைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே இன்னும் எங்களோடு இருந்த சில குடும்பங்கள் இருக்கின்றன. வாசலில் ஒரு காவலாளி இருந்தார். எங்களைத் தெரியாது, புதியவர். வெளியார் உள்ளே போவதென்றால் பதிய வேண்டும் என்று பதிவேட்டை விரித்துப் பேனாவைத் தந்தார். என்னிடம் நீட்டியதை அப்பா வாங்கிக்கொண்டார்.

பெயரை எழுதினார். முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, மயிலிட்டி, யாழ்ப்பாணம், இலங்கை என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். காவலாளி திருப்பி வாசித்துப் பார்த்துவிட்டு, “ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க” என்றார்.

“ஓம்,” என்றார் அப்பா. “ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போறம்.”

உள்ளே போனதும் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் பழைய வீட்டில் இப்போது ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். அவர்கள் பாயை விரித்து எங்களை இருத்தித் தேநீர் தந்தார்கள். அந்தப் பெண் அப்பாவிடம், எப்படி ஐயா விசா எடுத்தீர்கள், ஊருக்குத் திரும்பினால் எங்களையும் பிறகு இங்கே பார்க்க வர விடுவார்களா என்று கேட்டாள். அப்பா கடவுச்சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்து, பக்கத்தைத் தேடிப் பிரித்துக் காட்டினார். அது அந்த வீட்டில் எல்லார் கைக்கும் போய், பக்கத்து வீட்டுக்கும் போய், நாங்கள் தேநீர் குடித்து முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்தது.